தானா தூங்குறது வேற, தனியா தூங்குறது வேற

கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போனா நம்மாளுங்க கேக்குற முதல் கேள்வி "நல்லா பால் குடிக்குதா?". ரெண்டாவது கேள்வி "ராத்திரி தூங்குதா?". முதல் கேள்விக்கு என்ன பதில் வந்தாலும் தலையாட்டிட்டு விட்டுடுவாங்க. ரெண்டாவது கேள்விக்கு மட்டும் "அத ஏங்க கேக்குறீங்க..."ன்னு இழுத்துப் பாருங்க, வந்தவங்க எல்லாரும் டாக்டர் ஆயிடுவாங்க. கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடுங்கம்பார் ஒருத்தர். உரம் விழுந்திருக்கும்பார் இன்னொருத்தர். தூளி கட்டலையா, அதாம்பாங்க பெரியம்மா. அமெரிக்காவுல இருந்து லீவுக்கு வந்த சொந்தக்காரர் மட்டும், "அஞ்சு நாள் அழ விடுங்க, ஆறாவது நாள் தானா தூங்கும்"னு சொல்லிட்டு அடுத்த பஜ்ஜியை எடுத்துக்குவார்.

ஆக நம்ம ஊர்ல இந்த விஷயத்துல ரெண்டு கட்சி. ஒண்ணு, "பச்சப்புள்ளைய ஆட்டாம தூங்க வைக்கிறதா, என்ன கல் நெஞ்சு!" கட்சி. இன்னொண்ணு, "கதவைச் சாத்திட்டு வந்துடு, பழகிடும்" கட்சி. எனக்கு ரெண்டுலயும் சேர விருப்பமில்லை. பிள்ளைக்குத் தானா தூங்கக் கத்துக்கொடுக்கலாம், கொடுக்கவும் வேணும். ஆனா அதுக்காக அதைத் தனியா விட வேண்டியதில்லை, கதறவும் விட வேண்டியதில்லை. முக்கியமா, இது பிள்ளையை மட்டும் திருத்துற வேலை இல்ல, வீட்டையும் திருத்துற வேலை. இதுதான் என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

முதல்ல ஒரு குழப்பம்

தனியா தூங்குறதுன்னா வேற ரூம்ல, வேற கட்டில்ல தூங்குறது. தானா தூங்குறதுன்னா, முழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவுல இருக்கிற அந்தக் கடைசி அஞ்சு நிமிஷத்தை பிள்ளை யாரும் ஆட்டாம, யாரும் தூக்காம தாண்டுறது. ரெண்டும் வேற வேற. அம்மாவுக்கு ஒரு கை தூரத்துல படுத்திருக்கிற பிள்ளை தானா தூங்கலாம். தனி ரூம், தனி கட்டில்னு எல்லா வசதியும் இருக்கிற பிள்ளையும் யாராவது தோள்ல போட்டு நடந்தாத்தான் தூங்கும்னு அடம் பிடிக்கலாம்.

"தானா தூங்கப் பழக்கு"ன்னு ஒரு டாக்டர் சொன்னா, நம்ம பாட்டிங்க காதுல அது "பிள்ளையைத் தனியா போடு"ன்னு விழுது. உடனே சண்டை. இத்தனைக்கும் வெள்ளைக்காரனே அப்படிச் சொல்லலை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-ல் திருத்தி வெளியிட்ட பரிந்துரையிலேயே, குறைந்தது முதல் 6 மாதம் குழந்தை பெற்றோர் இருக்கிற அதே அறையில், ஆனால் தனிப் படுக்கையில் தூங்கட்டும் என்றுதான் இருக்கிறது. பாட்டிக்கும் டாக்டருக்கும் நடுவுல இருக்கிற தூரம் நாம நினைக்கிற அளவுக்குப் பெருசு இல்லீங்க.

ராத்திரி ஏன் முழிக்குது?

தூக்கம்கிறது ஒரே நீட்டு ரோடு இல்ல. ஆழமாப் போகும், மேல வரும், மறுபடி ஆழமாப் போகும். பெரியவங்களுக்கு இந்தச் சுற்று ஒண்ணரை மணி நேரம் மாதிரி. கைக்குழந்தைக்கு 50 நிமிஷம், ஒரு மணி நேரம்தான். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அரைகுறையா முழிப்பு வரும். நமக்கும் வருது. தலையணையைத் திருப்பிப் போட்டுட்டு மறுபடி தூங்கிடுறோம், காலைல ஞாபகம்கூட இருக்காது.

இப்ப பிள்ளை பக்கம் வாங்க. அது கண்ணு மூடுனப்ப தூளி ஆடிட்டு இருந்துச்சு, பாட்டி பாடிட்டு இருந்தாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு லேசா கண்ணு திறக்குது. தூளி நின்னு போச்சு, பாட்டியைக் காணோம். சென்ட்ரல்ல ரயில் ஏறி பெர்த்துல படுத்தவன் ஜோலார்பேட்டை பிளாட்பாரத்துல முழிச்சா கத்துவானா மாட்டானா? அந்தக் கத்தல்தான் இது. அடமும் இல்ல, கண்ணேறும் இல்ல. "நான் தூங்குறப்ப இருந்தது எல்லாம் எங்க?"ன்னு ஒரு நியாயமான கேள்வி.

அதனால பிரச்சனை ராத்திரி ரெண்டு மணிக்கு முழிக்கிறதுல இல்ல. முழிக்கிறது இயல்பு. ராத்திரி எட்டு மணிக்கு எப்படித் தூங்குச்சுங்கிறதுலதான் விஷயம் இருக்கு. கண்ணு மூடுறப்ப இருந்த இடமும் நிலைமையும் முழிக்கிறப்பவும் அப்படியே இருந்தா, பல பிள்ளைங்க ரெண்டு முனகல் முனகிட்டு மறுபடி தூங்கிடும்.

அழ விடுற வைத்தியம் எங்கேர்ந்து வந்துச்சு?

இது ஒண்ணும் புதுசு இல்ல. லூதர் எம்மெட் ஹோல்ட் என்ற அமெரிக்க டாக்டர் 1894-ல் எழுதிய குழந்தை வளர்ப்புப் புத்தகத்திலேயே, காரணமில்லாமல் அழுகிற பிள்ளையை அழ விடச் சொல்லியிருக்கிறார். 1928-ல் ஜான் வாட்சன் என்ற உளவியலாளர் ஒரு படி மேலே போய், பிள்ளைகளைக் கொஞ்சாதே, மடியில் வைக்காதே என்று புத்தகமே போட்டார். 1985-ல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் ரிச்சர்ட் ஃபெர்பர் இதை இளக்கினார். ஒரேயடியாக விடாமல், கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் கூட்டி, நடுவில் போய்ப் பார்த்து சமாதானம் சொல்லிவிட்டு வரலாம் என்றார். நம்ம சொந்தக்காரர் பஜ்ஜியோட சொன்னது பெரும்பாலும் இதோட அரைகுறை வடிவம்தான்.

நியாயமாப் பேசணும்னா ஒண்ணு சொல்லணும். ஃபெர்பர் முறையில பிள்ளை மனசு உடைஞ்சு போயிடும்னு பயமுறுத்துறதுக்கு ஆதாரம் பலமா இல்ல. 2016-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 43 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். இடைவெளி விட்டுப் பார்த்துக்கொண்ட குழந்தைகளுக்கு மன அழுத்த ஹார்மோன் கூடவில்லை, ஒரு வருடம் கழித்து அம்மாவோடு இருந்த ஒட்டுதலிலும் மற்ற குழந்தைகளோடு வித்தியாசம் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான். மெல்போர்னில் 326 குழந்தைகளை 6 வயது வரை தொடர்ந்து, 2012-ல் வெளியிட்ட ஆய்விலும் கெடுதல் எதுவும் காணப்படவில்லை.

அப்புறம் ஏன் வேண்டாங்குறேன்? அந்த மெல்போர்ன் ஆய்வுலயே பெற்றோருக்கு ரெண்டு வழி சொல்லித் தந்தாங்க. ஒண்ணு, இடைவெளி விட்டுப் போய்ப் பார்க்கிறது. இன்னொண்ணு, பிள்ளை பக்கத்துலயே உட்கார்ந்து, நாள் போகப் போக கொஞ்சம் கொஞ்சமா விலகுறது. மென்மையான வழியும் நல்ல வழிதான்னு அவங்களே வச்சிருக்கும்போது, ஒரே ரூம்ல அஞ்சு பேர் படுக்கிற, பக்கத்து ஃபிளாட்காரர் இருமினா நமக்குக் கேக்குற நம்ம வீடுகள்ல கதவைச் சாத்துற வைத்தியம் எதுக்கு? மூணாவது நிமிஷம் தாத்தா எந்திரிச்சு வந்து தூக்கிடுவார். பாதியில விட்ட வைத்தியம், "இன்னும் சத்தமா அழுதா தூக்குவாங்க"ன்னுதான் பிள்ளைக்குக் கத்துக்கொடுக்கும்.

எப்ப ஆரம்பிக்கலாம்?

முதல் நாலஞ்சு மாசம் இதை எல்லாம் யோசிக்கவே வேண்டாம். பிறந்த புதுசுல பிள்ளைக்கு ராத்திரி பகலே தெரியாது. வயிறு சின்னது, ராத்திரி பால் குடிச்சே ஆகணும். தாராளமா ஆட்டுங்க, தூக்குங்க, மடியில போட்டுக்குங்க. கெட்டுப் போகாது.

அந்த மாசங்களுக்கு ஒரு உருப்படியான தகவல் இருக்கு. ஜப்பானின் ரிகென் ஆராய்ச்சி நிறுவனத்தில் 2022-ல் 21 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு. அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு 5 நிமிஷம் சீராக நடங்கள், தூங்கியதும் உடனே படுக்க வைக்காமல், கையில் வைத்தபடியே 5 முதல் 8 நிமிஷம் உட்காருங்கள், பிறகு படுக்க வையுங்கள் என்கிறார்கள். நம்ம உடம்பை விட்டுப் பிரிகிற கணத்துலதான் குழந்தையோட இதயத் துடிப்பு கூடுதாம். தூக்கம் நல்லாப் பிடிச்சிருந்தா அதைத் தாங்கிக்குது. படுக்கையில முதுகு பட்டதும் முழிச்சு நம்மளை முறைக்கிற பிள்ளைங்களோட ரகசியம் இதுதான் :)

ஆறு மாசத்தை ஒட்டி, எடை சரியா ஏறுதுன்னு உங்க டாக்டர் சொன்னதுக்கு அப்புறம் பழக்க ஆரம்பிக்கலாம். குறைமாசப் பிள்ளை, எடை குறைவான பிள்ளை, மூச்சு இரைப்பு, பாலை ரொம்பக் கக்குற பிள்ளைன்னா டாக்டரைக் கேக்காம எதுவும் வேண்டாம். காய்ச்சல், பல் முளைக்கிற நேரம், ஊருக்குப் போன வாரம், இதெல்லாம் ஆரம்பிக்கிற நேரம் இல்ல.

இன்னொண்ணு, "எங்க பேரன் மூணு மாசத்துலயே விடிய விடியத் தூங்குவான்"னு சொல்றவங்களை நம்பி மனசு உடையாதீங்க. கனடாவில் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், 6 மாதக் குழந்தைகளில் 38 சதவீதம் தொடர்ந்து 6 மணி நேரம்கூடத் தூங்கவில்லை. ஒரு வயதில்கூட 28 சதவீதம் அப்படித்தான். எல்லாம் நல்லா வளர்ற பிள்ளைங்க. உங்க பிள்ளை முழிக்குதுன்னா அது ஒண்ணும் அதிசயப் பிறவி இல்ல.

மென்மையான வழிகள்

1. காலையில இருந்து ஆரம்பிங்க. தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு எழுப்பி வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்க. சாயங்காலம் விளக்கைக் குறைங்க. நம்ம வீட்டுல பத்து மணி வரைக்கும் ஹால்ல டியூப் லைட்டும் சீரியலும் ஓடும். பிள்ளையும் கண்ணை அகல விரிச்சுட்டு கூட உட்கார்ந்திருக்கும். 17 நாடுகளில் 29,287 குழந்தைகளைப் பற்றி 2010-ல் வந்த ஓர் ஒப்பீட்டில் ஆசியக் குழந்தைகள் தாமதமாகத் தூங்கப் போவதும், மொத்தத்தில் குறைவாகத் தூங்குவதும் தெரிந்தது. நியூசிலாந்தில் சராசரியாக இரவு ஏறக்குறைய ஏழரை மணி, ஹாங்காங்கில் பத்து மணிக்கு மேல்! இந்தியாவும் அந்தப் பட்டியல்ல உண்டு. சீரியலை விட முடியலைன்னா பிள்ளையை வேற ரூமுக்கு மாத்துங்க.

2. ஒரு வரிசை வச்சுக்குங்க. எண்ணெய் தடவி நீவி விடுறது, வெதுவெதுப்பா குளியல், துணி மாத்துறது, பால், பாட்டு, படுக்கை. தினமும் இதே வரிசை, அரை மணி நேரத்துக்குள்ள. இது ஏதோ சடங்கு மாதிரித் தெரியும். ஆனா 2009-ல் 405 அம்மாக்களையும் பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வில், குளியல், மசாஜ், அமைதியான நேரம் என்ற எளிய வரிசையை இரண்டு வாரம் கடைப்பிடித்ததிலேயே பிள்ளைகள் சீக்கிரம் தூங்கினார்கள், இரவில் முழிப்பது குறைந்தது, அம்மாக்களின் மனநிலையும் தேறியது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது குழந்தை சோப்பு விக்கிற கம்பெனிதான்னும் சொல்லிடுறேன். ஆனா நம்ம பாட்டிங்க கம்பெனி இல்லாமலே காலை நீட்டி அதுல படுக்க வச்சு குளிப்பாட்டினவங்கதானே. சாம்பிராணிப் புகையை மட்டும் விட்டுடுங்க. தூங்க வச்ச புண்ணியம் குளியலுக்கு, புகை நுரையீரலுக்குக் கெடுதல்.

3. பாலையும் தூக்கத்தையும் கொஞ்சம் பிரிங்க. பாலைக் குறைக்கச் சொல்லலை. வாய்ல பால் இருக்கும்போதே தூங்கிப் போற பிள்ளைக்கு பால்தான் தூக்க மாத்திரை. வரிசையில பாலை ஒரு படி முன்னாடி கொண்டு வாங்க. பால், அப்புறம் பாட்டு, அப்புறம் படுக்கை. ராத்திரி பசிக்கிற பிள்ளைக்கு ராத்திரியும் கொடுங்க, விளக்குப் போடாம, பேச்சுக் கொடுக்காம.

4. சொக்குறப்ப படுக்க வைங்க, தூங்கினப்புறம் இல்ல. கண்ணைக் கசக்குறது, காதைப் பிடிச்சு இழுக்குறது, எங்கேயோ வெறிச்சுப் பாக்குறது, இதெல்லாம் அடையாளம். அழ ஆரம்பிச்சிட்டா நேரம் தாண்டிடுச்சுன்னு அர்த்தம். எல்லா வேளையும் வேண்டாம், முதல்ல ராத்திரி முதல் தூக்கத்துக்கு மட்டும் பழக்குங்க. பகல் தூக்கம் பின்னாடி தானா வரும்.

5. ஆட்டத்தைக் குறைச்சுக்கிட்டே வாங்க. தூளிப் பிள்ளையா? முதல் சில நாள் கண்ணு மூடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஆட்டத்தை நிறுத்துங்க. முனகினா மறுபடி ரெண்டு ஆட்டம். பழகினதும் பாய்ல படுக்க வச்சு தட்டிக் கொடுங்க. அப்புறம் தட்டாம கையை மட்டும் நெஞ்சு மேல வைங்க. அப்புறம் கையையும் எடுத்துட்டு பாட்டு மட்டும். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் எடுக்கணும். எல்லாத்தையும் ஒரே நாள்ல பிடுங்குனா பிள்ளை என்ன, நாமளே அழுவோம்.

6. பக்கத்துல உட்கார்ந்து விலகுங்க. மெல்போர்ன்ல சொன்ன வழி இதுதான். மொத சில நாள் படுக்கைக்குப் பக்கத்துலயே. அப்புறம் ஓர் அடி தள்ளி. அப்புறம் ரூம் நடுவுல. அப்புறம் கதவுகிட்ட. மூணு வாரம் ஆகலாம். ஒரே ரூம் வீடுன்னா நம்ம பாயைத் தள்ளிப் போட்டாப் போதும்.

7. நேரத்தைத் தள்ளிப் பாருங்க. ஒன்பது மணிக்குப் படுக்க வச்சு பத்து மணி வரைக்கும் போராட்டம்னா, சில நாள் 15 நிமிஷம், அரை மணி நேரம்னு தள்ளி, நல்லா சொக்குன பிறகு படுக்க வைங்க. சுலபமா தூங்கப் பழகினதும் மெல்ல முன்னாடி இழுங்க. அடிலெய்டு ஆய்வுல இந்த வழியையும் சோதிச்சாங்க. இதுலயும் பிள்ளைங்க சீக்கிரம் தூங்குச்சுங்க, அதுவும் யாரும் அழ விடாமலே.

8. ராத்திரி சத்தம் கேட்டதும் பாயாதீங்க. கைக்குழந்தைங்க தூக்கத்துலயே முனகும், சிணுங்கும், முகத்தைச் சுளிக்கும், கையைக் காலை உதறும். பாதி நேரம் அது முழிப்பே இல்ல. நாம பாய்ஞ்சு தூக்கி, நாமதான் எழுப்பி விடுறோம். ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்க. நிஜமா அழுகைன்னா போங்க.

இதுல அழுகையே இருக்காதான்னா, இருக்கும். பழக்கம் மாறுறப்ப கொஞ்சம் சிணுங்கத்தான் செய்யும். ஆனா நம்ம குரல் கேக்குற தூரத்துல, நம்ம முகம் தெரியிற இடத்துல சிணுங்குறது வேற. இருட்டுல யாருமில்லாம கதறுறது வேற. முதலாவது கோவம். ரெண்டாவது பயம். கோவத்தைத் தேத்தலாம்.

நம்மகிட்ட இதுக்குன்னே ஒரு நல்ல கருவி இருக்கு. தால்னா நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுறதாலதான் அது தாலாட்டு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் மூன்றாவதே தாலப் பருவம்தான். நம்ம மரபுல தூங்க வைக்கிறது குரல். மத்த எந்தக் கருவியையும் விட குரலைக் குறைக்கிறது சுலபம். பாட்டு, அப்புறம் முணுமுணுப்பு, அப்புறம் வெறும் "ம்ம்", அப்புறம் அமைதி. ஸ்பிரிங் தொட்டிலுக்கும் மோட்டார் தொட்டிலுக்கும் இந்த நளினம் வராது.

இதுல விளையாட்டு வேண்டாம்

மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும், பகலும் ராத்திரியும். அமெரிக்காவில் 1994-ல் இதை ஓர் இயக்கமாகவே நடத்தினார்கள், அதன் பிறகு தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் சிசு மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. படுக்கை சமமா, அமுக்கினா குழியாத மாதிரி இருக்கணும். தலையணை, கடுகுத் தலையணை, திண்டு, ரஜாய், பொம்மை எதுவும் கூட வேண்டாம். தொப்பியும் ஸ்வெட்டரும் போட்டு வேக வைக்காதீங்க. சோபாவுல பிள்ளையோட சாய்ஞ்சு கண்ணசர்றது ரொம்ப ஆபத்து.

தூளியை நான் வில்லனாக்கலை. பெரியவங்க கண்ணு முன்னாடி ஆட்டுங்க. ஆனா தூங்கினதும் சமமான படுக்கைக்கு மாத்துங்க. தூளியில உடம்பு வளைஞ்சு தாடை நெஞ்சுல முட்டினா சின்னப் பிள்ளைக்கு மூச்சு தடைப்படலாம். சாய்வான தூங்கும் படுக்கைகளை அமெரிக்காவில் 2022-ல் சட்டம் போட்டே தடை செய்தார்கள். சேலைத் தூளியில விளையாடுன பெரிய பிள்ளைங்க கழுத்து இறுகிப் போன செய்தியை நம்ம பேப்பர்லயே எத்தனை தடவை பாத்துட்டோம். வேலை முடிஞ்சதும் தூளியைச் சுருட்டி மேல கட்டிடுங்க.

தூங்குறதுக்குன்னு மருந்து கொடுக்காதீங்க. சளி மருந்து கொடுத்தா நல்லாத் தூங்குதேன்னு கொடுக்கிறது மூச்சோட விளையாடுறது. வசம்பு உரசி நாக்குல தடவுறதையும் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம்னுதான் சொல்றாங்க. உரம் எடுக்கிறேன்னு சேலையில போட்டு உருட்டுறதும் குலுக்குறதும் கூடவே கூடாது, பிஞ்சு மூளை தாங்காது. ராத்திரி மூணு மணிக்கு பொறுமை எல்லை தாண்டிட்டா, பிள்ளையைப் பத்திரமா மல்லாக்கப் படுக்க வச்சிட்டு அஞ்சு நிமிஷம் பால்கனியில போய் நில்லுங்க. அது அழ விடுற வைத்தியம் இல்ல, உங்களையும் பிள்ளையையும் காப்பாத்திக்கிறது.

மென்மை யாருக்கு?

இப்ப என் கட்சியோட முக்கியமான கொள்கைக்கு வர்றேன்.

மேல சொன்ன எட்டு வழியும் மெதுவா வேலை செய்யிறவை. வாரக்கணக்குல ஆகும். அந்த வாரங்கள்ல ராத்திரி யார் எந்திரிக்கிறது? பெரும்பாலான வீட்டுல இந்தக் கேள்வியே வராது, பதில் அம்மான்னு முன்னாடியே முடிவாகியிருக்கும். பகல்லயும் அவங்கதான், ராத்திரியும் அவங்கதான். அழ விடக் கூடாதுன்னு எல்லாரும் உத்தரவு போடுவாங்க, அழுகையை நிறுத்துறது மட்டும் ஒருத்தர் வேலை. பிள்ளைக்கு மென்மையா இருக்கணும்னு அம்மாவை விடிய விடிய உட்கார வைக்கிறது மென்மை இல்லீங்க. கொடுமையை ஆள் மாத்தி வைக்கிறது.

2017-ல் மகப்பேறு விடுப்பு 12 வாரத்தில் இருந்து 26 வாரமானது. அதாவது ஏறக்குறைய ஆறு மாசம். பிரசவத்துக்கு முன்னாடி கொஞ்சம் எடுத்துட்டா அதுவும் குறையும். பிள்ளைக்குத் தானா தூங்கப் பழக்கலாம்னு சொல்ற அதே மாசத்துல அம்மா ஆபீசுக்குக் கிளம்புறாங்க. ராத்திரி நாலு தடவை எழுந்தவங்க காலைல எட்டே கால் மணி பஸ்ஸைப் பிடிக்கணும். மூட்டு வலியோட பாட்டி பகல் பூரா தூளி ஆட்டணும். அப்பாக்களுக்கு? மத்திய அரசு ஊழியர்னா 15 நாள் விடுப்பு. தனியார்ல வேலைன்னா சட்டப்படி அதுவும் கிடையாது. பிள்ளை ஏன் தூங்கலைங்கிறதுக்கு இத்தனை பேர் காரணம் சொல்றாங்க, இந்தக் கணக்கை மட்டும் யாரும் எண்ணிப் பாக்குறதில்ல.

தூக்கம் கெட்டுக் கெட்டு அம்மாவோட மனசு சோர்ந்து போறது நிஜம். நான் சொன்ன மெல்போர்ன் ஆய்வுல, பிள்ளை தூக்கத்துக்கு உதவி கிடைச்ச அம்மாக்கள்கிட்ட, பிள்ளைக்கு ரெண்டு வயசானப்பவும் மனச்சோர்வு அறிகுறிகள் குறைவா இருந்துச்சு. பிள்ளைகளைப் பொறுத்தவரை ஆறு வயசுல ரெண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல. யோசிச்சுப் பாருங்க. பிள்ளைக்குத் தூங்கக் கத்துக்கொடுக்கிறதோட பெரிய பலன் பிள்ளைக்கு இல்ல, அம்மாவுக்கு. அதனாலதான் இதை "சுயநலம்"னு சொல்றவங்களைப் பாத்தா எனக்குக் கோவம் வருது. தாய்க்குத் தூக்கம் வேணும்கிறது எப்படிங்க சுயநலமாகும்?

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வீட்டுல உட்கார்ந்து மூணு விஷயம் பேசிடுங்க. எல்லாரும் ஒரே வழியைத்தான் பிடிக்கணும். அம்மா தட்டிக் கொடுக்கிறதைக் குறைக்கிற நேரத்துல பாட்டி வந்து தூளியில போட்டா பிள்ளைக்குத்தான் குழப்பம். பாட்டியை எதிர்க்கட்சி ஆக்காதீங்க, பாட்டுக்கு அவங்களைப் போடுங்க, சந்தோஷமா வருவாங்க. ரெண்டாவது, பசியில்லாத முழிப்பு எல்லாம் அப்பா கணக்கு. "என்கிட்ட பால் இல்லையே"ன்னு சொல்ற அப்பாதான் இந்த வேலைக்கு சரியான ஆள், ஏன்னா பிள்ளை அவர்கிட்ட பாலை எதிர்பாக்காது. மூணாவது, வாரத்துல ரெண்டு ராத்திரியாவது அம்மாவுக்கு நாலஞ்சு மணி நேரம் ஒரே மூச்சுல தூக்கம். வேற ரூம்ல தனியாத் தூங்க வேண்டிய ஆள் யாராவது உண்டுன்னா அது அவங்கதான்.

இவ்வளவுக்கு அப்புறமும் பிள்ளை தூங்குற நேரத்துலகூட அம்மாவுக்குத் தூக்கம் வரலை, காரணமில்லாம அழுகை வருது, பிள்ளை மேல ஒட்டுதலே இல்லைன்னு சொன்னா, "எல்லா பொம்பளைங்களுக்கும் வர்றதுதான்"னு ஒதுக்காதீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. 14416-ல் டெலி மானஸ் இருக்கு, இலவசமா தமிழ்லயே பேசலாம்.

மத்தபடி, ரெண்டு வாரம் நல்லாத் தூங்கிட்டு மூணாவது வாரம் பழைய குருடி கதவைத் திறடின்னு ஆகும். தவழ ஆரம்பிச்சா, பல் வந்தா, சளி பிடிச்சா ஆகத்தான் செய்யும். அந்த நாள்ல தூக்குங்க, ஆட்டுங்க. சரியானதும் விட்ட இடத்துல இருந்து மறுபடி ஆரம்பிங்க. தூக்கம் பரீட்சை இல்ல, ஃபெயில் ஆகுறதுக்கு. நடக்கப் பழகுற பிள்ளைக்குக் கையைப் பிடிச்சுக்கிறோம், அப்புறம் ஒரு விரல் கொடுக்கிறோம், அப்புறம் பின்னாடியே போறோம். இதுவும் அதே மாதிரி ஒரு நடைதான்.

உங்க வீட்டுல ராத்திரி யாருங்க எந்திரிக்கிறது? இதைப் படிக்கிற அப்பாக்கள் முதல்ல பதில் சொல்லட்டும் :)